அடி நட்டில் ஒரு சிவப்புக் கோடு

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் பாதி வழியில் இறங்கி, தங்கமுத்துவின் வீடு எது என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்டுவார்கள். கூடவே, "எதுக்கும் பாத்துப் பேசுங்க" என்றும் சொல்லி அனுப்புவார்கள். அவர் அடிதடிக்காரர் இல்லை, வம்புக்குப் போகிறவரும் இல்லை. போனால் மோர் கொடுப்பார், போதுமா என்று கேட்டு இன்னொரு தரமும் ஊற்றுவார். ஆனால் நீங்கள் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிற வரைக்கும் அவருடைய கண் டம்ளரை விட்டு அசையாது.

பிறவியிலேயே அப்படி இல்லை. ரிக் வண்டி செய்துவிட்ட வேலை அது. அந்தப் பக்கத்தில் ரிக் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், போர்வெல் போடுகிற லாரி. கல்யாணத்துக்கு முன்னாலேயே அதில் ஏறியவர், இடுப்பு வலி வந்து இறங்கும்போது மகள் காலேஜ் முடித்திருந்தாள். நடுவில் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று வண்டியோடு வண்டியாகக் காடுமேடெல்லாம் கிடந்தார். அங்கெல்லாம் பெரிய தொல்லை டீசல் திருட்டு. டேங்குக்குள் ஒரு டியூபை விட்டு வாயால் ஒரு இழு இழுத்தால் போதும், கேன் நிரம்பிவிடும். தங்கமுத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டும் பார்த்தார். டீசல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், மூடியில் ஆரம்பித்து டேங்கில் முடிகிற மாதிரி மெல்லிசாக ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வைத்தார். மூடியைத் திருகினால் கோடு உடையும், எவ்வளவு பதமாகத் திருப்பி மூடினாலும் பழையபடி ஒட்டாது. அந்தக் கோட்டை வைத்து அவர் பிடித்த திருடன் வடநாட்டுக்காரன் இல்லை. வண்டியிலேயே இருந்து சமைத்துப் போட்ட சொந்த ஊர்க்காரன், "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களாண்ணா" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறியவன். அன்றோடு மனுஷர்களின் பேச்சை நம்புவதை விட்டுவிட்டுக் கோட்டை நம்ப ஆரம்பித்தார்.

ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெயிண்டுக்குப் பதிலாக மகளின் நகப்பாலிஷ் வந்தது, அவ்வளவுதான். கேஸ் சிலிண்டர் சீலில் ஒரு கோடு, தண்ணீர்த் தொட்டி மூடியில் ஒரு கோடு, மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்து அனுப்புகிற தூக்குவாளியில் ஒரு கோடு. மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகளின் பாலிஷ் நகத்துக்குப் போகும். அபிநயாவின் பாலிஷ் நட்டுக்கும் மூடிக்கும் போய்ச் சேர்ந்தது.

அவர் மனைவி மஞ்சுளா ஒருநாள் பொறுக்கமுடியாமல், "ஏனுங்க, எனக்கும் ஒரு கோடு போட்டு வெச்சிருங்க, கடைக்குப் போயிட்டு வந்தா பாத்துக்கலாம்" என்றார். தங்கமுத்து சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மனுஷரிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் இருந்தது. ரிக்கில் சம்பாதித்து வாங்கிய முதல் பொருள். அந்த ரக வண்டியில் என்ஜின் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். கியர் பாக்ஸுக்குத் தனியாக ஆயில் உண்டு. அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். அடியில் இருக்கிற நட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும், பிறகு நட்டை முடுக்கிவிட்டு மேல் மூடி வழியாகப் புது ஆயில் ஊற்றுவார்கள். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுதானில்தான் ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டது.

மஞ்சுளாவின் தம்பி ஜெயபிரகாஷ் சங்ககிரியில் டூவீலர் பட்டறை வைத்திருந்தார். கையில் கொடுத்த வண்டியைப் பேசாமல் பார்த்துப் பேசாமல் திருப்பிக் கொடுக்கிற ஆள். மஞ்சுளாவுக்கு உடன்பிறந்தது அவர் ஒருவர்தான். அபிநயாவின் காது குத்துக்கு மடியில் வைத்துக்கொண்டதும் அவர், அவள் பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டிச் சீர் கொண்டுவந்ததும் அவர். இப்போது வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மேட்டூர், பையனுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. தாய்மாமன் வந்து மாலை போட்டு நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண் மணவறைக்குப் போக முடியும்.

பங்குனி கடைசியில் தங்கமுத்துவின் வண்டியில் கியர் விழ அடம் பிடித்தது. ஆயில் கறுத்திருக்கும் என்று அவருக்கே தெரிந்தது. நல்ல கம்பெனி ஆயில் டப்பாவாகப் பார்த்து, சீலைத் தடவித் தடவிப் பார்த்து வாங்கினார். பட்டறைக்குப் போகிற அன்று காலையில் வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, அடி நட்டைத் துணியால் துடைத்து, நட்டிலிருந்து கியர் பாக்ஸ் உடம்புவரைக்கும் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். சொந்த மச்சினன்தானே என்று ஒரு நிமிஷம் கை நின்றது. ரசம் ஊற்றியவனும் சொந்த ஊர்க்காரன்தானே என்று அடுத்த நிமிஷம் தோன்றியது.

வண்டி அன்று சாயங்காலமே திரும்பி வந்தது. கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. "மாத்தியாச்சுங்க மச்சான், இனி ஒரு வருசத்துக்குத் தொந்தரவில்ல" என்று ஜெயபிரகாஷ் போனில் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அதோடு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். தங்கமுத்து வண்டியைச் சாய்த்துக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சிவப்புக் கோடு இழுத்தது இழுத்தபடி இருந்தது. ஒரு இடத்திலும் விரிசல் இல்லை.

அந்த நட்டை யாரும் திறக்கவே இல்லை. திறக்காமல் ஆயில் எப்படி மாறும்?

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டுகிறபோதெல்லாம் கியர் சுகமாக விழுந்ததும் அவருக்குக் கோபமாகவே இருந்தது. வெறும் கிளட்ச் கேபிளை முடுக்கி ஏமாற்றியிருப்பான் என்று நினைத்தார். போன வருஷம் கோயில் நோம்பிக்கு வாடகைக் காரில் வந்தானே, அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று நினைத்தார். பழைய நினைவுகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து ஜெயபிரகாஷுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆரம்பித்தன. சந்தேகத்துக்கு இருக்கிற ஞாபகசக்தி வேறு எதற்கும் கிடையாது.

இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கிற நாளையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்குப் பட்டு எடுக்கப் போவதற்காக மேட்டூர் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். ஜெயபிரகாஷும் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்து காபி குடிக்கிறபோது தங்கமுத்து சாவகாசமாகக் கேட்டார்.

"ஏம் மாப்ள, அன்னைக்கு வண்டிக்கு ஆயில் மாத்தினயே, அடி நட்டத் தொறந்தயா?"

"மாத்தியாச்சுங்களே மச்சான்."

"மாத்தினயான்னு கேக்கல. தொறந்தயான்னு கேக்கறேன்."

ஜெயபிரகாஷ் சம்பந்தி பக்கம் ஒரு தரம் பார்த்தார். "வண்டி நல்லாத்தானுங்க ஓடுது? பொறவு பேசிக்கலாமுங்க."

"நா கோடு போட்டு வெச்சிருந்தேன். போட்ட கோடு போட்டபடியே இருக்குது. நட்டத் தொறக்காம ஆயில் எந்த வழியா வெளிய வந்துச்சு மாப்ள? ஆவியாப் போயிருச்சா?"

சம்பந்தி இதை ஏதோ மச்சான் மாப்பிள்ளை கேலி என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தங்கமுத்துவுக்குத் தைரியம் கொடுத்தது.

"நா வாங்கிக் குடுத்த ஆயிலு இப்ப எவன் வண்டிக்குள்ள ஓடுதோ, யாருக்குத் தெரியும்!"

சிரிப்பு நின்றது. அபிநயா உள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயபிரகாஷ் காபியை வாயில் வைக்காமலே கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. "அக்கா, நா வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பட்டு எடுக்க அவர் வரவில்லை.

மறுநாள் மஞ்சுளாவின் போனுக்கு வந்தது பதில். "என்ற கை திருட்டுக் கைன்னு சபையில சொல்லியாச்சுக்கா. அந்தக் கையில எதுக்குப் புள்ளைக்குப் பட்டங் கட்டறது? வேற ஆரையாச்சும் பாத்துக்குங்க."

மஞ்சுளா போனைக் கீழே வைத்துவிட்டு அழவில்லை. நேராகப் புருஷன் முன்னால் வந்து நின்றார்.

"வேற ஆருங்க இருக்கறாங்க எனக்கு? கடையில போயி ஒரு தம்பி வாங்கிட்டு வரட்டுங்களா? மேட்டூருக்காரங்க தாய்மாமன் எங்கேன்னு கேட்டா, கியர் பாக்ஸுக்குள்ள இருக்கறான்னு சொல்லட்டுங்களா? நட்டுல மரை கழலல. உங்குளுக்குத்தான் கழண்டுபோச்சு."

"நா சொன்னது பொய்யா இருந்தா உன்ற தம்பி கால்ல உழுந்தர்றேன்" என்றார் தங்கமுத்து. "கியர் பாக்ஸுக்குள்ள இருக்கறது பழைய ஆயிலு. அதை எடுத்து எல்லாருக்கும் காட்டறேன், பாரு."

அவர் மனசில் திட்டம் தெளிவாக இருந்தது. அடி நட்டைக் கழற்றி, கரிய ஆயிலை ஒரு வெள்ளை பாட்டிலில் பிடித்து, மஞ்சுளாவிடம் காட்டுவது. அவள் தன் தம்பியைக் கேட்கட்டும். அவன் தப்பை ஒப்புக்கொண்டால், இவரும் பெரியமனசு பண்ணி மன்னித்துவிடுவார், கல்யாணமும் நடக்கும். தான் மன்னிக்கிற காட்சியை அவர் பல தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து ரசித்தும் வைத்திருந்தார்.

நட்டு கழலவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் ரிக் வேலைக்கான ஸ்பேனர்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அதில் இருந்த சின்னதை மாட்டித் திருகினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. டார்ச் அடித்துப் பார்த்தார். நட்டின் மூலைகள் ஏற்கெனவே தேய்ந்து உருண்டு போயிருந்தன. "கெடுத்தும் வெச்சிருக்கறான்" என்று அவர் பல்லைக் கடித்தார். கோடு உடையாமல் எப்படி மூலையைக் கெடுத்திருப்பான் என்ற கேள்வி அவருக்கு வரவே இல்லை. மற்றவர்கள் மேல் ஓயாமல் வருகிற சந்தேகம் தன் கணக்கு மேல் ஒருநாளும் வராது.

சங்ககிரியில் லாரி சாமானுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளின் தேய்ந்த நட்டைப் பிடிக்கிற கருவி கேட்டு ஏறி இறங்கியபோது, கடைக்குக் கடை லாரிச் சக்கரம் கழற்றுகிறதைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு கடையில் சுத்தியலும் உளியும் கொடுத்து, "ரெண்டு போடு போடுங்க, வந்துரும்" என்றார்கள். இன்னொரு கடையில் ரிங் ஸ்பேனர் கொடுத்தார்கள். அதை வெயிலில் பிடித்துப் பார்த்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டை ஒட்டிப் பார்த்து, உள்ளூர் வார்ப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பட்டறை இருக்கிற தெருப் பக்கம் மட்டும் போகவில்லை.

கடைசியாக, பைபாஸ் ஓரத்தில் பழைய டூல்ஸ் விற்கிற சின்னண்ணன் கடைக்குப் போனார். சின்னண்ணன் செல்போனில் இருந்த நட்டுப் படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தார்.

"ரிங் போட்டா வழுக்குமுங்க. உள்ளுக்குள்ள ஆறே பட்டை இருக்கற பாக்ஸ் ஸ்பேனரு இருக்குது, அது மூலையப் புடிக்காது, தட்டையான எடத்தப் புடிக்கும். அதைப் போட்டுப் பாருங்க" என்றவர், இன்னும் ஒரு தரம் படத்தைப் பார்த்தார். "ஆனா இது ஸ்பேனருக்கு மேல பைப்பச் சொருகி இறுக்கின நட்டுங்க. லாரிக்காரன் கை. இல்லீனா ரிக்குக்காரன் கை. பட்டறைக்காரன் இத்தன முட்டாளா இருக்க மாட்டான்."

தங்கமுத்து நிமிர்ந்து பார்த்தார். இவருக்கும் ஜெயபிரகாஷுக்கும் ஒரே ஊர். இருவரும் சேர்ந்து டீ குடிக்கிறவர்களாக இருப்பார்கள். சொல்லி வைத்திருப்பான். இப்படி நினைத்துக்கொண்டே பாக்ஸ் ஸ்பேனரை வாங்கிப் பையில் போட்டார். ஊர் திரும்புகிற வழியில்தான், வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறபோது, போன மழைக்காலம் ஞாபகத்துக்கு வந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில் கிடந்தது. அவர் ரிக் பழக்கத்தில், ஸ்பேனர் கைப்பிடிக்கு மேல் முழ நீளப் பைப்பைச் செருகி, ஏறி மிதிக்காத குறையாக நட்டை இறுக்கினார். ரிக்கில் எல்லாவற்றையும் அப்படித்தான் இறுக்குவார்கள், இல்லாவிட்டால் பாறையில் இறங்குகிற அதிர்வுக்குக் கழண்டுவிடும். சொட்டு நின்றதும் அவர் மீசையைத் தடவிக்கொண்டதும்கூட ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தை அப்படியே ஓரமாகத் தள்ளிவைத்தார்.

வாசலில் தென்னை மர நிழலில் வண்டியைச் சாய்த்தார். ஆறு பட்டை பாக்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு அழுத்து அழுத்தியதும் சிவப்புக் கோடு படக்கென்று உடைந்தது. நட்டு சுற்றிக்கொண்டு வந்தது, ஆனால் திருகுகிற மாதிரி இல்லை, சொதசொதவென்று வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால், கியர் பாக்ஸின் உள் மரை முழுக்க வெள்ளிச் சுருளாக உருவிக்கொண்டு நட்டோடு வந்திருந்தது.

பின்னாலேயே ஆயில் வந்தது. வெள்ளை பாட்டிலில் இறங்கிய ஆயில் கறுப்பாக இல்லை. செக்கில் ஆட்டி எடுத்த நல்லெண்ணெய் நிறத்தில் தெளிவாக இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார். அவர் தடவித் தடவி வாங்கிய அதே ஆயில்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோடு உடையாமல் இருந்தது, ஆனால் ஆயில் புதுசு. இதற்கு ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது. நட்டைத் திறந்திருக்கிறான், மூடிய பிறகு யாரோ அதே சிவப்பில் புதிதாகக் கோடு இழுத்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு எங்கே இருக்கிறது? இந்த வீட்டுக்குள், மகளின் மேஜையில். கோடு போட்டு மாட்டிவிடுகிற அப்பனிடமிருந்து மாமனைக் காப்பாற்ற...

"அபி!" என்று கூப்பிட்டார். அவள் வந்தாள். "மாமன் பட்டறைக்கு நீ எப்பப் போன?"

"எதுக்குப் போறேன்?"

"கோடு நீ போட்டயா? பொய் சொல்லாத சாமி. உன்ற பாலிஷ்தான இது?"

அபிநயாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பாட்டிலில் இருந்த ஆயிலையும், உருவி வந்த நட்டையும், மண்ணில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் பார்த்தாள். கல்யாணத்துக்கு நாள் நெருங்க நெருங்க அவள் முகம் பயந்து பயந்து வெளுத்திருந்தது.

"என்ற மேலயும் எங்கியாச்சும் ஒரு கோடு போட்டு வெச்சிருக்கறீங்களாப்பா?" என்று கேட்டாள். "அது உடையாம இருக்குதான்னு பாத்துட்டுத்தான் மேட்டூருக்கு அனுப்புவீங்களா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கமுத்துவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மேலேயே பயம் வந்தது.

அடித் துளையில் ஒரு கந்தைத் துணியை அடைத்து, அடுத்த நாள் வண்டியைத் தெரிந்த டெம்போ ஒன்றில் ஏற்றிச் சங்ககிரிக்குக் கொண்டுபோனார். அப்போதும் நேராகப் பட்டறைக்குள் போகவில்லை. டெம்போவைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, எதிர்த்த டீக்கடையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

ஜெயபிரகாஷ் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். சுவரில் தொங்கிய ஒன்றை எடுத்தார். ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சு, கன்றுக்குட்டி வாயில் மருந்து புகட்ட நாமக்கல் மாட்டு மருந்துக் கடைகளில் விற்பார்களே, அது. அதன் மூக்கில் குளுக்கோஸ் ஏற்றுகிற மெல்லிய டியூப் மாட்டியிருந்தது. ஸ்கூட்டரின் மேல் மூடியைத் திறந்து டியூபை உள்ளே விட்டு, பிடியை இழுத்தார். கறுத்த ஆயில் சிரிஞ்சுக்குள் ஏறியது. அடி நட்டுப் பக்கம் அவர் கையே போகவில்லை.

டியூபை விட்டு உறிஞ்சுவதைப் பார்த்ததும் தங்கமுத்துவின் மனசில் முதலில் எழுந்த சொல் திருடன் என்பதுதான். அது எழுந்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார்.

"வாங்க மச்சான்" என்றார் ஜெயபிரகாஷ். எழுந்திருக்கவில்லை.

தங்கமுத்து பையிலிருந்து நட்டை எடுத்து நீட்டினார். அதில் சுற்றியிருந்த வெள்ளிச் சுருளை ஜெயபிரகாஷ் பார்த்தார். "தொறந்துட்டீங்களா" என்றார், யாரோ செத்துப்போன சேதி கேட்ட மாதிரி. "அது நூலுல நின்னுட்டு இருந்துச்சுங்க. தொறந்தா மூட முடியாதுன்னு தெரிஞ்சுதான் நா தொடல. பழைய வண்டி, அந்தக் கியர் பாக்ஸ் கேஸு இப்ப எங்கியுங் கெடைக்கறதில்ல. மேல வழியா உறிஞ்சினா அடியில கொஞ்சம் பழசு நிக்கும். அதுக்காக என்ற ஆயில ஊத்திக் கழுவி, திருப்பி உறிஞ்சிட்டு, பொறவு உங்குளுத ஊத்தினேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாப்ள."

"என்னன்னு சொல்றதுங்க? மரை போச்சுன்னு சொன்னா, ஆரு கெடுத்ததுன்னு கேப்பீங்க. நீங்க இறுக்கினதுலதான்னு சொன்னா நம்பியிருப்பீங்களா? நாந்தான் கெடுத்துப்போட்டு உங்க மேல பழி போடறேன்னு சொல்லியிருப்பீங்க. சம்பந்திக்காரங்க முன்னால கேக்கறப்ப, உங்க கைதான் கெடுத்துச்சுன்னு நா எப்பிடிங்க சொல்றது? எங்கக்கா புருசனாச்சே."

தங்கமுத்து அப்படித்தான் சொல்லியிருப்பார். அச்சுப் பிசகாமல் அப்படியேதான் சொல்லியிருப்பார்.

தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லத்தான் வந்தார். அந்த வார்த்தை அவர் வாயில் பழகினதில்லை, வரவில்லை. "புள்ள அழுதுட்டே இருக்குது. கல்யாணத்துக்கு வந்துரு மாப்ள" என்றுதான் வந்தது.

"வாரேனுங்க" என்றார் ஜெயபிரகாஷ் உடனே. "கோவத்துல அக்காகிட்ட என்னமோ சொல்லிப்போட்டேன். அபிக்கு நாந்தான பட்டங் கட்டோணும். வேற ஆரு கட்டறது?"

தங்கமுத்துவுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் டெம்போவிலிருந்து வண்டியை இறக்கச் சொல்லத் திரும்பினார். ஜெயபிரகாஷ் எழுந்தார். சிரிஞ்சில் இருந்த கறுப்பு ஆயிலைத் தகரத்தில் பீய்ச்சிவிட்டு, துணியால் உள்ளும் வெளியும் துடைத்து, டியூபைச் சுருட்டி, அதைத் தங்கமுத்துவின் கையில் வைத்தார்.

"இத நீங்களே வெச்சுக்குங்க மச்சான். வண்டிய வேற எடத்துல காட்டுங்க. இனி அதுல என்ற கை படாது. அடுத்தவன் கை பட்டா உங்குளுக்குத் தூக்கம் வராது."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தங்கமுத்து சண்டை போட்டாவது தப்பித்திருப்பார். அந்தச் சிரிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு, டெம்போவில் ஏறி வீடு வந்து சேர்ந்தார்.

கல்யாணம் வைகாசியில் சங்ககிரி மண்டபத்தில் நடந்தது. ஜெயபிரகாஷ் விடிவதற்கு முன்பே வந்துவிட்டார். இளம்பிள்ளைப் பட்டு, மாலை, தேங்காய் பழம் என்று தாய்மாமன் சீர் ஒன்றும் குறையவில்லை. நகக்கண்ணில் ஆயில் கறுப்பு போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கையால் அபிநயாவின் நெற்றியில் பட்டம் கட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேட்டூர்க்காரர்களுக்கு வாயெல்லாம் பல். மஞ்சுளாவும் அன்றைக்குச் சிரித்தார்.

முதல் பந்தியில் தங்கமுத்து நின்று விசாரித்தார். இலைக்கு இலை போய், "நல்லாச் சாப்புடுங்க, கூச்சப்படாதீங்க" என்று எல்லாரையும் கேட்டார். மேட்டூரில் இருந்து வந்த கடைசி ஆள்வரைக்கும் பார்த்தார். கண் தேடிய ஆளை மட்டும் காணவில்லை. அடுத்த பந்திக்கு வருவான் என்று நினைத்தார். அப்போதும் வரவில்லை. வெளியே வந்து பார்த்தார். ஜெயபிரகாஷ் வண்டி நிறுத்தியிருந்த இடம் காலியாக இருந்தது.

தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்த மஞ்சுளாவிடம் போனார்.

"உன்ற தம்பி சாப்ட்டானா?"

மஞ்சுளா நிமிரவில்லை. பையில் தேங்காயைப் போட்டுக்கொண்டே சொன்னார். "சாப்ட்டானுங்க. மொதப் பந்தியிலயே சாப்ட்டுட்டுப் போயிட்டான். பட்டறையில ஏதோ அவசர வேலையாமா."

முதல் பந்தியில் எந்த இலையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தங்கமுத்துவுக்கு ஒன்று விடாமல் தெரியும். அப்படிப் பார்ப்பதுதான் அவர் ஜென்மப் பழக்கம். கை நனைக்காமல் போயிருக்கிறான். இனி அவன் இந்த வீட்டில் கை நனைக்க மாட்டான். அது மஞ்சுளாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"அப்படியா, சரி" என்றார் தங்கமுத்து. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்களை எடுத்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.